வீட்டுல சாப்பாடு இருக்கு... குழந்தைக்கு ஏன் சத்து சேரலை? - கவனிக்க வேண்டிய குடும்பக் காரணங்கள்!

ரேஷனில் அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். அப்படியும் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவிகிதம் பேர், வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள். 22 சதவிகிதம் பேருக்கு எடை குறைவு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்கு இது.

வறுமை முக்கியமான காரணம்தான். ஆனால், அது மட்டுமே காரணமில்லை. அதே ஆய்வின்படி, இந்திய அளவில் மிகவும் வசதியான குடும்பங்களிலும் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் வளர்ச்சி குன்றியே இருக்கிறது. அப்படியென்றால், வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

கர்ப்பத்திலேயே தொடங்கும் குறை

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருப்பதைச் சாப்பிடும் மருமகள்கள் இன்றும் இருக்கிறார்கள். `நிறைய சாப்பிட்டா குழந்தை பெருத்துடும், பிரசவம் கஷ்டம்' என்று கர்ப்பிணியின் தட்டைக் குறைக்கும் வீடுகளும் உண்டு. சிறுவயதுத் திருமணம், இடைவெளியில்லாத அடுத்த கர்ப்பம் இரண்டும் சேர்ந்தால், குழந்தை இரண்டரை கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் ஆபத்து அதிகம்.

சேனையும், `பல்லு முளைக்கட்டும்' பேச்சும்

பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ `சேனை' வைப்பதால், சீம்பால் கிடைப்பது தாமதமாகிறது. கிருமித்தொற்றும் வரலாம். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பிறகு தாய்ப்பாலுடன் திட உணவும் அவசியம். ஆனால், பல் முளைக்கட்டும் என்று காத்திருப்பதும், `முட்டை மந்தம்' என்று ஒதுக்குவதும், வெறும் ரசம் சாதத்திலேயே மாதங்களைக் கடத்துவதும் நடக்கிறது. வயிறு நிறைகிறது, புரதமும் இரும்புச்சத்தும் சேர்வதில்லை.

ஊட்ட நேரமில்லாத அம்மா

குழந்தையின் வயிறு சின்னது. 6-8 மாதங்களில் தினமும் 2-3 முறையும், 9 மாதத்துக்குப் பிறகு 3-4 முறையும் ஊட்ட வேண்டும். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் அம்மாவால் இது எப்படி முடியும்? குழந்தை, வயதான பாட்டியிடமோ அக்காவிடமோ இருக்கும். அழுதால் டீயில் நனைத்த பிஸ்கட். தவறு பாட்டி மீதில்லை. ஊட்டுவது அம்மாவின் வேலை மட்டுமே என்று மொத்தக் குடும்பமும் ஒதுங்கிக்கொள்வதில்தான் இருக்கிறது. சம்பளத்தில் ஒரு பகுதி மதுக்கடைக்குப் போகும் வீட்டில், முதலில் குறைவது பாலும் முட்டையும்தான்.

என்ன செய்யலாம்?

* குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். எவ்வளவு சாப்பிட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

* மசித்த சாதத்தில் பருப்பு, கீரை, ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய் சேருங்கள். 6 மாதத்துக்குப் பிறகு, நன்றாக வெந்த முட்டையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம்.

* குழந்தைக்கான சத்துமாவை வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்குபோட வேண்டாம்.

* வயிற்றுப்போக்கின்போது உணவையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். ஊட்டும் முன் சோப்பால் கை கழுவுங்கள்.

* மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பாருங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கர்ப்பம் முதல் 2 வயது வரையிலான 1,000 நாள்களில் தவறவிட்ட வளர்ச்சியைப் பிறகு ஈடுகட்டுவது மிகவும் கடினம். அப்பாக்களே... இன்று ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை நீங்கள் ஊட்டிப் பாருங்களேன்!