கப்பல் ஏறப் போகும் பெரியவர்களே... விதையோடு திரும்பாதீர்கள்!

ராயபுரத்தை ஒட்டியிருக்கும் சென்னைத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் பயணிகள் கப்பல் புதிதல்ல. ஒரு காலத்தில் ‘ரஜூலா’, ‘சிதம்பரம்’ கப்பல்கள் இங்கிருந்துதான் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயின. ஏறியவர்களில் பலர் பிழைப்புத் தேடிப் போனவர்கள். 1985-ல் ‘சிதம்பரம்’ கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தப் போக்குவரத்து முடிந்துபோனது.

இப்போது சுற்றிப் பார்ப்பதற்காகவே ஏறுகிறார்கள். 2023 ஜூன் 5-ம் தேதி, சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலை மத்திய அமைச்சர் சர்பானந்தா சோனோவால் தொடங்கி வைத்தார். அதற்காக ரூ.17.21 கோடியில் பயணிகள் முனையமும் அமைக்கப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை கப்பல் போகும் துறைமுகங்களாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை படகுச் சேவை தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சுமார் 4 மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். எனவே, பணம் கட்டும் முன் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

விவசாயிக்கு என்ன இருக்கிறது?

திருகோணமலை கோணேசர் கோயில், கீரிமலை நகுலேஸ்வரம், நல்லூர் கந்தசுவாமி கோயில் என்று வழிபாட்டுக்குக் குறைவில்லை. அதோடு யாழ்ப்பாணத்துத் தோட்டங்களையும் பார்த்து வாருங்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத ஊர் அது. சுண்ணாம்புப் பாறை மேல் படிந்த செம்மண்ணில், கிணற்று நீரை நம்பியே சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, திராட்சை விளைவிக்கிறார்கள். அளவுக்கு மீறி உரம் போட்டதால் அங்கே பல கிணறுகளில் நைட்ரேட் கூடியிருக்கிறது. அதுவும் நமக்கு ஒரு பாடம்தான்.

புறப்படும் முன்

பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டும். ஆதாரிலும் மற்ற சான்றுகளிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றுபோல் இருக்கட்டும். வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். புதிதாக விண்ணப்பிக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவிகிதம் சலுகை உண்டு. பழைய பாஸ்போர்ட் என்றால், இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

குழுவாகப் போவதில் துணை உண்டு, ஏமாற்றமும் உண்டு. ரசீது இல்லாமல் முன்பணம் தராதீர்கள். சாப்பாடு, விசா, கரையில் சுற்றிக் காட்டும் வண்டி ஆகியவை கட்டணத்தில் அடங்குமா, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டி.சி.எஸ் வரி பிடிப்பார்கள். வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்றால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பயிர்க்கடனிலோ, நகையை அடகு வைத்தோ போக வேண்டிய பயணம் அல்ல இது. அறுவடைப் பணம் கைக்கு வந்து, மாட்டுக்குத் தீவனம் வைக்க ஆளும் இருந்தால் புறப்படலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, இருக்கும் நோயை மறைக்கக் கூடாது. மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் காப்பீடு கைவிட்டுவிடும்.

திரும்பும்போது

போன இடத்தில் நல்ல தென்னங்கன்றையோ, மிளகு கொடியையோ பார்த்தால் விவசாயிக்குக் கை துறுதுறுக்கும். அங்கேதான் ஆபத்து. இலங்கையின் தென்பகுதியில், வெலிகமவில் 2006-ல் தென்னை இலை வாடல் நோய் கண்டறியப்பட்டது. நோய் தாக்கிய கன்று ஒன்று போதும், ஒரு வட்டாரத்துத் தோப்புகளுக்கே கேடு வரும்.

பப்பாளி மாவுப்பூச்சியை நம் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட அந்த அந்நியப் பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ‘அசிரோபேகஸ் பப்பாயே’ ஒட்டுண்ணியை வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

இந்தியாவின் 2003-ம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை, கன்று, பதியன் எதையும் கொண்டுவரக் கூடாது. ஒட்டிய மண்ணுக்கும் இது பொருந்தும். செருப்பில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தால், கழுவிவிட்டுக் கப்பல் ஏறுங்கள். பிடித்த ரகத்தைப் படம் எடுத்து, பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதற்கு ஈடான ரகம் நம் ஊரில் கிடைக்குமா என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.