அட்டைப் பெட்டியில் ஒரு தொடுமேசை!

தொடுதிரை நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால், "தொட்டதைக் கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது?" என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

2006-இல் அமெரிக்காவில் ஜெஃப் ஹான் என்ற ஆய்வாளர், பல விரல்களால் இயக்கும் திரையை மேடையில் காட்டி வியக்க வைத்தார். 2007-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 'சர்ஃபேஸ்' மேசைக்குள் ஐந்து கேமராக்கள் இருந்தன. விலையோ ஆயிரக்கணக்கான டாலர்! அந்தக் காலக்கட்டத்திலேயே ஆர்வலர்கள் சிலர், அட்டைப் பெட்டியைக் கொண்டு அதன் எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்துவிட்டார்கள்.

செய்முறை இதுதான். சுமார் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியின் அடியில் வெப்கேமை மேல்நோக்கிப் பொருத்துங்கள். பெட்டியின் வாயில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகட்டை வையுங்கள். பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு. அதன்மேல் வெள்ளைக் காகிதம் விரித்து, கேமராவைக் கணினியில் இணையுங்கள். தகடு முழுவதும் படத்தில் தெரியாவிட்டால் பெட்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

இனி நிழல்தான் வேலை செய்யும். விரல் காகிதத்தைத் தொட்டால் அடர்ந்த நிழல் விழும். தூக்கினால் நிழல் மங்கும். மென்பொருள் முதலில் வெறும் காகிதத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு வரும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழிக்கும். மிஞ்சும் கரும்புள்ளியே உங்கள் விரல்! 'ஓப்பன் சிவி' என்ற இலவச நிரல் தொகுப்பு இதற்கு உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள். அறையில் வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். சன்னலோர வெயில் ஆகாது. கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கழித்தல் கணக்கு தவறிவிடும்.

விலையுயர்ந்த கருவி வந்தால்தான் அறிவியல் கற்பிக்கலாம் என்று காத்திருந்தால், பிள்ளைகளின் பள்ளிப் பருவம் காத்திருக்காது. நம் தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பயிலும் நாளைய ஆசிரியர்களே, இந்தப் பெட்டியை மடித்துப் பைக்குள் வைத்து எந்தத் தோட்டப் பள்ளிக்கும் கொண்டுபோகலாம். பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கும் பிள்ளைக்கு, கருவி மாயமல்ல, கணக்கு என்பது புரியும். கருவியை வாங்கத் தெரிந்த சமுதாயமாக மட்டும் நாம் நின்றுவிடக் கூடாது. உருவாக்கத் தெரிந்த சமுதாயமாகவும் வளர வேண்டும்.