நூலில்லாத சட்டை

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “தைக்காமலே சட்டை செய்கிறார்களாமே, உண்மையா?”

உண்மைதான். நெதர்லாந்தில் மார்ட்டைன் வான் ஸ்ட்ரீன் தொடங்கிய ‘போஸ்ட் கூட்யூர் கலெக்டிவ்’ அதைத்தான் செய்தது. சட்டையோடு அதன் வரைபடத்தையும் விற்றார்கள். வாங்கியவர் தன் அளவுக்கு மாற்றி, அருகிலுள்ள பட்டறையில் லேசரால் வெட்டிக்கொள்ளலாம். 2017இல் ஆரம்பித்த ‘ஃபேப்ரிகாடமி’ பயிற்சியில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு.

லேசர் மெஷினைப் பெயர்ப்பலகைக் கடையில் பார்த்திருப்பீர்கள், அதை விடுவோம். என்னைக் கட்டிப்போட்டது மூட்டுத்தான். துணியோரத்தில் வரிசையாக நாக்குகள். நாக்கின் தலை அகலம், கழுத்து ஒடுக்கம். எதிர்த்துண்டில் கழுத்தளவுக்குக் கீறல். தலையை இரண்டாக மடித்துக் கீறலுக்குள் நுழைத்து விரித்துவிட்டால், தானாகத் திரும்பி வராது. துணியே பொத்தானாகிவிடுகிறது. அம்மம்மா கிடுகு பின்னும்போதும் இப்படித்தான்: ஆணியில்லை, கயிறில்லை, ஓலையை ஓலையே பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சட்டையில் கை கிழிந்தால் கையை மட்டும் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் கொலர் நைந்ததும், எங்கள் தையல்காரர் அதைப் பிரித்து, புரட்டித் தைத்துத் தருவார். இன்னும் இரண்டு வருஷம் ஓடும். இப்போது கொலரைப் புரட்ட யாருக்கும் பொறுமையில்லை. மட்டக்களப்பு வாவியோரக் கண்டல் வேர்களில் சிக்கிக் கிடக்கும் உடுப்புகளைப் பாருங்கள். ஸிப் போன காற்சட்டையொன்றையும் அவற்றிடையே கண்டேன். மற்றபடி அது புதிது.

ஒரு சிக்கல் உண்டு. லேசர் சூட்டில் பொலியெஸ்டர் ஓரம் உருகி இறுகிவிடும், பிசிறாது. பருத்தியோ கருகிப் பழுப்பாகும். கழுவக் கழுவக் கீறலிலிருந்து நூல் உருவி வரும். மெஷினுக்குப் பிடித்த துணி மட்டக்களப்பு வெயிலுக்குப் பிடிக்காது. ஆகவே வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே இறக்கி வெட்டுவது நமக்குச் சரிவராது.

நமக்கு ஏற்ற முன்மாதிரி வாவியின் தென்கோடிப் பக்கம், மருதமுனையில் இருக்கிறது: கைத்தறிச் சாரம். தறியிலிருந்து இறங்கிய நீள்சதுரம், ஒரேயொரு மூட்டு, வெட்டுமிச்சம் என்று எதுவுமில்லை. சட்டை வெட்டும்போதோ நூற்றுக்குச் சுமார் பதினைந்து பங்கு துணி துண்டுகளாகக் குப்பைக்குப் போகும். சாரத்தைப்போல முழு நீள்சதுரங்களையே உடலாகவும் கையாகவும் வைத்து, நாக்குகளை மட்டும் தடித்த ஃபெல்ட் துணியில் வெட்டி ஓரத்தில் பொருத்தலாம். அந்தப் பொருத்தலுக்கு ஊசி வேண்டும். நூலே கூடாதென்று பிடிவாதம் பிடிக்க நான் தயாரில்லை. கைத்தறிக்கு இன்னொரு வசதி: கரை நெசவிலேயே கட்டுண்டிருப்பதால் அந்தப் பக்கம் பிசிறாது. நெசவாளரையும் கணினி படித்த பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் போதும், ஆனால் அதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

ஆசிரியையே, மெஷின் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மணிலா அட்டையில் நாக்கும் கீறலும் வரைந்து, பிள்ளைகளிடம் கத்தரிக்கோலைக் கொடுங்கள். பின்னாளில் லேசர் கிடைத்தால் ரெக்ஸினை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள். அதன் மேற்பூச்சு பெரும்பாலும் பிவிசி; அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். நெஞ்சுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும்.