புது கேமிங் லேப்டாப் இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி: ஓவர்கிளாக் பண்ணிப் பார்க்கலாமா?

குரோம்பேட்டையிலயோ தாம்பரத்துலயோ ரூம் எடுத்து, மெப்ஸுக்கோ ஓஎம்ஆருக்கோ வேலைக்குப் போறவங்க கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "கேம் திணறுது சார், 84,000 ரூபாய்க்கு நோ காஸ்ட் இஎம்ஐ-ல புது லேப்டாப் எடுத்துடவா?"

முதல்ல கணக்கு. மாசம் 7,000, 12 மாசம். வட்டி 15%-னு வெச்சுக்கிட்டா, அதுல வட்டிப் பங்கு மட்டும் சுமார் 6,445 ரூபாய். அதை விற்பவர் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 1,160 ரூபாய், உங்க தலையில தான். பிராசசிங் ஃபீஸ் தனி.

அதுக்கு முன்னாடி செலவில்லாம ஒரு வழி இருக்கு: கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் பண்றது, அதாவது நிர்ணயிச்ச வேகத்தை விடக் கொஞ்சம் கூட்டி ஓட்டறது. லேப்டாப்ல பொதுவா 5 முதல் 10% தான் கூடும். 50 எஃப்பிஎஸ் 53, 55 ஆகும். 25-ல திணறற கேம் இதனால சரியாகாது.

எப்படிப் பண்றது?

1. வெப்பம் பாருங்க. அரை மணி நேரம் விளையாடி, கார்டு 85 டிகிரியைத் தாண்டினா ஓவர்கிளாக் வேண்டாம். தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. பல நேரம் அதுலயே வேகம் திரும்பிடும். ஏசி இல்லாத ரூம்ல, மே மாசத்துல இது ரொம்ப முக்கியம்.

2. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், மத்த பிராண்ட் லேப்டாப்லயும் ஓடும். ஆனா அதிகாரப்பூர்வ தளத்துல மட்டும் இறக்குங்க. போலி தளம் ஒண்ணு வைரஸ் பரப்புறதா 2021-ல எம்எஸ்ஐயே எச்சரிச்சது. நெட்பேங்கிங் பண்றதும் இதே லேப்டாப்ல தானே?

3. கோர் கிளாக்கை 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, 20 நிமிஷம் விளையாடுங்க. படத்துல புள்ளி, கோடு வந்தாலோ கேம் மூடிக்கிட்டாலோ 50 குறைச்சு நிறுத்திடுங்க. சரியா ஓடினாலும் முதல் முறை 100 போதும். வோல்டேஜைத் தொடவே தொடாதீங்க.

4. விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும் வசதியை ஒரு வாரம் போடாதீங்க. அதுவரைக்கும், ஹேங் ஆனாலும் ரீஸ்டார்ட் பண்ணா பழைய வேகம் வந்துடும்.

சில லேப்டாப்ல இந்த வசதி பூட்டியே இருக்கும். 2015 பிப்ரவரியில என்விடியாவே டிரைவர் மூலமா லேப்டாப் கார்டுகள்ல இதைத் தடுத்துச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் திருப்பிக் கொடுத்துச்சு. பூட்டியிருந்தா விட்டுடுங்க. பயாஸை மாத்தி உடைக்கப் போனா மதர்போர்டே போகலாம்.

யார் தொடவே கூடாது? ஆபீஸ் லேப்டாப் வெச்சிருக்கறவங்க. அது கம்பெனி சொத்து. வாரன்டி இருக்கறவங்க விதிகளை முதல்ல படிங்க, கோளாறு வந்தா க்ளெய்ம் மறுக்கப்படலாம். 5% வேகத்துக்காக ஒரு மதர்போர்டு செலவை ரிஸ்க் எடுக்கறது நல்ல கணக்கில்லை.

இவ்வளவும் செஞ்சு போதலைன்னா, அந்த 7,000-ஐ இஎம்ஐ-க்குப் பதிலா ஆர்டி-ல போடுங்க. வருஷக் கடைசியில முழுப் பணம் கையில வெச்சுக்கிட்டு, பேரம் பேசி வாங்குங்க.