பாட்டனார் பிறந்த பத்திரம்

"நீர் எந்த நாட்டவர்?" என்று ஒருவரைக் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே விடை சொல்லிவிடுவார். "அதற்குச் சான்று என்ன?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு மறைந்துவிடும். இவ்விரு கேள்விகளுக்கும் இடையே கிடக்கும் தூரத்தைக் கடப்பதற்கு நம் நாட்டின் மலையகத் தமிழ் மக்களுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

அத் தூரத்தை எனக்கு உணர்த்தியவர்கள் கிண்ணியாவில் என்னிடம் பயிலும் மாணவர்கள். நான் திருகோணமலைப் பட்டினத்தவன். நாள்தோறும் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து கல்லூரிக்குச் செல்பவன். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான அப் பாலம் வருமுன்னர், இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே 'பாதை'தான் ஓடியது. தண்ணீரில் மிதந்து ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கலத்துக்குப் பாதை என்று பெயரிட்டவர்கள் எம் கிழக்கிலங்கை மக்கள்.

சென்ற தவணையில் உயர் வகுப்பு மாணவர்க்கு இலங்கை வரலாற்றில் ஒரு பாடம் நடத்த நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமே அப் பாடம். அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அச் சட்டத்தின்படி, இலங்கை மண்ணிற் பிறந்ததனால் மட்டும் ஒருவன் இலங்கைப் பிரஜை ஆகிவிடமாட்டான். அவனுடைய தந்தையும் இங்கே பிறந்தவராயிருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களாயிருத்தல் வேண்டும்.

இதைச் சொல்லி முடித்தபோது பிள்ளைகளின் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. யாருக்கோ நேர்ந்த கதையாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே அவர்களுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். "உங்கள் குடும்பத்தில் 1948 இல் வாழ்ந்த பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இச் சட்டத்தின்படி அவர் இலங்கையர் என்று நிறுவுவதற்கு வேண்டிய பத்திரத்தைத் தேடிக்கொண்டு வாருங்கள். ஒரு கிழமை அவகாசம் தருகிறேன்" என்றேன்.

பெட்டகத்தில் இருந்தவை

ஒரு கிழமை கழிந்தது. வகுப்பில் முப்பத்தொரு பேர். தேவையான பத்திரத்தைக் கொண்டு வந்தவர் ஒருவருமில்லை.

வெறுங்கையோடும் அவர்கள் வரவில்லை. ஒரு மாணவி பழைய காணி உறுதி ஒன்றின் பிரதியைக் காட்டினாள். இன்னொருவன் தன் மூதாதையரின் விவாகப் பதிவைக் கொண்டு வந்தான். ஒருவன் கொண்டு வந்தது எல்லாரையும் சிரிக்க வைத்தது. அவனுடைய பூட்டனார் பட்டி மாடுகள் வைத்திருந்தவர். அம் மாடுகளுக்குக் குறிசுட்டதைப் பதிந்த துண்டு ஒன்று வீட்டில் இருந்திருக்கிறது. "மாட்டுக்குத் துண்டு இருக்கு சேர், மனிசனுக்குத்தான் இல்லை" என்றான். சிரிப்பு அடங்கியதும் வகுப்பறை வெகுநேரம் மௌனமாயிருந்தது.

இல்லாமற் போனதற்குக் காரணங்கள் பல. பிறப்புப் பதிவென்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் நாடெங்கும் ஓர் ஒழுங்குக்கு வந்தது. பதிந்தவர்களின் பத்திரங்களோ போர்க்கால இடப்பெயர்வுகளிலே தொலைந்தன. எஞ்சியவற்றை 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. கிண்ணியா வைத்தியசாலையையே அழித்த பேரலைக்கு வீட்டுப் பெட்டகம் எம்மாத்திரம்!

ஒரு மாணவி எழுந்தாள். "எங்களிட்ட உம்மாவழியில ஒரு பழைய பத்திரம் இருக்கு சேர். அது செல்லாதா?" என்று கேட்டாள். செல்லாது என்றேன். மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தந்தைவழி ஒன்றே வழியாக இருந்தது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே தாய்வழியும் ஏற்கப்பட்டது.

என் வீட்டிலும் தேடிப் பார்த்தேன் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். கிடைத்தது என் பூட்டனாரின் சாதக ஓலை. அவர் பிறந்த நாழிகையும் நட்சத்திரமும் அதிலே பிழையின்றி எழுதப்பட்டிருக்கின்றன. பிறந்த ஊரின் பெயர் மட்டும் இல்லை. கிரகங்கள் அவரை அறிந்திருந்தன, அரசாங்கம் அறியவில்லை.

"அப்படியெண்டா நாங்கள் எல்லாரும் நாடற்றவர்களா, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அன்றைய பாடத்தின் உயிர்நிலை அக் கேள்விதான். "இல்லை. ஏனென்றால் உங்கள் முன்னோரிடம் எவரும் அப் பத்திரத்தைக் கேட்கவில்லை" என்றேன்.

கேட்கப்பட்டவர்கள்

கேட்கப்பட்டவர்கள் மலைநாட்டிலே இருந்தார்கள். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஆங்கிலேயரால் அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். முதலில் வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் மாண்டவர் தொகை பெரிது. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிருவர் இந்தியத் தமிழர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்த இரண்டே ஆண்டுகளுக்குள் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிரஜாவுரிமையையும், 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையையும் இழந்தனர்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். கண்டிய விவசாயியின் நிலத்தை ஆங்கிலேயர் 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு பறித்துத் தோட்டங்களாக்கினர். நிலமிழந்தவன், அந் நிலத்திலே புதிதாகக் குடியமர்ந்தவனைக் கண்டு அஞ்சினான். வாக்குப் பலத்தால் தன் கிராமமும் அமிழ்ந்துவிடும் என்று எண்ணினான். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் பறித்தவன் கப்பலேறிப் போய்விட்டான்; தண்டனையோ கொழுந்து பறித்தவள்மீது விழுந்தது.

தமிழரும் இவ்விடயத்தில் ஒருமித்து நிற்கவில்லை என்பது வருத்தத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டிய உண்மை. தமிழ்க் காங்கிரஸ் இதனாற் பிளந்தது. பிரிந்து சென்ற செல்வநாயகம் அவர்கள் 1949 டிசெம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார். இடதுசாரிகள் அன்று பாராளுமன்றத்தில் இச் சட்டத்தை எதிர்த்தனர். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953 இல் அங்கும் தோற்றது. சட்டத்தின் வாசகத்திலே எச் சமூகத்தின் பெயரும் இல்லையன்றோ! எல்லார்க்கும் பொதுவான கேள்வியைச் சிலரிடம் மட்டும் கேட்டால் அது என்னவாகும் என்பதை வாசகத்திலே தேடினாற் காண இயலுமா?

1949 ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் ஒரு வாசலைத் திறந்துவிட்டது: தொடர்ந்து வசித்ததையும் வருமானத்தையும் நிறுவினால் பதிவு பெறலாம். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. வெற்றி பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. லயத்திலே பிறந்து வளர்ந்த கூலியாள் எந்தப் பெட்டியிலே ரசீதுகளைச் சேர்த்து வைத்திருப்பான்?

தலைகளை எண்ணிய ஒப்பந்தம்

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணிக்கப்பட்டனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. 1974 இல் அம் மீதியையும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். 'நீ எங்கே வாழ விரும்புகிறாய்?' என்று அம் மக்களைக் கேட்ட பின்னரா இந்தத் தொகைகள் எழுதப்பட்டன?

அண்ணன் நுவரெலியாவில், தம்பி நீலகிரியில். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். போரினால் 1984 இல் இராமேசுவரக் கப்பல் நின்றது. எஞ்சியவர்களுக்காக 1986 இலும் 1988 இலும் சட்டங்கள் வந்தன. இறுதியாக 2003 ஒக்டோபரில், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் சந்ததியினர்க்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது.

மன்னிப்பா, உரிமையா?

இக்காலத்தில் உலகெங்கும் குடியேற்றம் பற்றிய விவாதத்தில் 'பொதுமன்னிப்பு' என்னும் சொல் அடிபடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம், அனுமதியின்றிக் குடியிருந்தோரில் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்கு முறையான வதிவுரிமை அளித்தன. எல்லையை மீறியவனை மன்னிப்பதா, அனுப்புவதா என்று அங்கே வாதிடுவதில் ஒரு பொருளுண்டு. எல்லையை மீறாதவனுக்கு மன்னிப்பு எதற்கு? அழைத்து வரப்பட்டவனுக்கும் இங்கேயே பிறந்தவனுக்கும் 2003 இல் கிடைத்தது பிந்தி வந்த உரிமையே. அதைக் கருணை என்பது பொருந்தாது.

இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்த அதே 1948 ஆம் ஆண்டில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து சென்றது. சட்டப்படி வந்து, உழைத்து முதுமையடைந்த அத் தலைமுறையினர் பலரிடம் அண்மைக் காலத்தில் சான்று கேட்கப்பட்டது. அவர்கள் வந்திறங்கிய அட்டைகளையோ அரசாங்கமே 2010 இல் அழித்திருந்தது. 2018 இல் அவ்வநீதி அம்பலமானபோது ஆங்கில அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. அங்கே மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்பதை நோக்குங்கள்.

மலைநாட்டாரைக் 'கள்ளத்தோணி' என்று ஏசியது ஒரு காலம். கடற்கரையில் வாழும் எமக்கு அச் சொல் கூடுதலாக உறைக்கின்றது. தோணியோட்டிப் பிழைத்தவர்களின் ஊரன்றோ இது! விந்தை யாதெனில், அந்த ஏச்சு பிற்காலத்திலே கடலின் மறுகரையில் பலித்தது. இனக்கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து வடக்கே குடிபெயர்ந்தோரில் ஒரு பகுதியினர், போர் துரத்த மீன்பிடிப் படகுகளில் தமிழ்நாடு சென்றனர். பாட்டன் புறப்பட்ட அதே நாட்டில் பேரன் சட்டவிரோதக் குடியேறி ஆனான். இலங்கை ஏதிலியர் அரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இன்றும் அங்குள்ள முகாம்களில் வாழ்கின்றனர். 2019 ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது. இலங்கையிலிருந்து போனவர்களை அது சேர்க்கவில்லை.

மாணவர்க்கு ஒரு சொல்

நாட்டுக்கு எல்லை வேண்டும். எல்லைக்குக் காவலும் சட்டமும் வேண்டும். இதை மறுப்பார் இலர். ஆயினும், சுவரெழுப்பு முன் வீட்டுக்குள் இருப்பவர் யாவர் என்பதை நேர்மையோடு எண்ணிக்கொள்ளுதல் வீட்டுக்காரனின் கடமை. பல்லாண்டு உழைப்பும், பெற்ற பிள்ளைகளும், புதைத்த பெற்றோரும் ஒருவனை அம் மண்ணுக்குரியவன் ஆக்காவிடில், ஒரு தாள் மட்டும் எங்ஙனம் ஆக்கும்?

எனினும் உலகம் தாளையே கேட்கின்றது. ஆதலால் வாசக அன்பர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். முதியவர்களின் பிறப்பு, விவாகப் பத்திரங்கள் இருப்பின் பிரதி எடுத்து வேறோரிடத்திலும் வையுங்கள். இல்லையேல் அவர்கள் வாய்மொழியை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தறியாத அயலவருக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது மாணவர்க்கு அரை மணி நேர வேலை. அவருக்கோ அது ஓர் ஆயுட்காலக் காப்பு.

இவ்வளவும் செய்த பின், எவரேனும் இன்னொருவரைச் சுட்டி, "இவன் இந்நாட்டவனா?" என்று கேட்கும்போது, உங்கள் பெட்டகத்தில் இல்லாத அந்தப் பத்திரத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். விடை சொல்வதற்கு அதன் பின்னர் அவசரப்படமாட்டீர்கள்.