டிராக்டருக்குப் பின்னால் வருவதும் ஒரு வண்டிதான்

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கக் கிளம்பும் கூட்டத்தில் நடந்து போகிறவர்கள் ஒரு பக்கம். டிராக்டர் பெட்டியில் தார்ப்பாய் விரித்து, பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து போகிறவர்கள் இன்னொரு பக்கம். சாத்தூரைத் தாண்டும்வரை பேருந்தும் லாரியும் விரையும் நான்குவழிச் சாலையில்தான் அந்தப் பெட்டியும் ஓட வேண்டியிருக்கிறது. அதில் சீட் இல்லை, பெல்ட் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் அவர்களுக்கு நஷ்டஈடு தரும் இன்சூரன்ஸும் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தக் கடைசி விஷயம் வண்டி அனுப்புகிற முதலாளிகளுக்கே தெரிவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் டிரெய்லர் என்பது டிராக்டரின் உறுப்பு அல்ல, தனி வண்டி. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி எண் வேண்டும். 61-ஆவது பிரிவின்படி டிரெய்லரின் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் டிராக்டரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். இரவில் மோதிவிட்டு ஒரு பெட்டி நிற்காமல் போனால், அடிபட்டவருக்கு மிஞ்சும் ஒரே துப்பு அந்த எண்தான். எண்ணே எழுதாத பெட்டிகள் நம் பக்கத்தில் இன்னும் ஓடுகின்றன.

இன்சூரன்ஸும் அப்படியே. டிராக்டருக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு, பெட்டிக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விவசாயத்துக்கு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு செங்கல்லும் தண்ணீரும் வாடகைக்கு அடிக்கிறார்கள். மண் ஏற்றிய டிராலியின் மேல் உட்கார்ந்து போய்க் காயப்பட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பிரிஜ் மோகன் வழக்கு என்ற பெயரில் 2007-இல் தீர்ப்பானது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றே நீதிமன்றம் சொன்னது. தொழிலாளியின் ஏழ்மையைக் கருதி, தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. கடைசியில் பணம் போவது டிராக்டர்காரரின் நிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும்தான். மட்கார்டில் ஒண்டி உட்காருகிறவருக்கும் நிலைமை இதுவே.

சிவகாசியில் தண்ணீர் டிராக்டர் ஓடாத தெரு கிடையாது. நிரம்பிய டேங்கரை விட அரைகுறையாக நிரம்பிய டேங்கர்தான் ஆபத்தானது. பிரேக் போட்டதும் உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமும் முன்னால் வந்து அறையும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்த டேங்கரில் இந்த அலை அடங்கும்.

பிரேக்கைப் பற்றி இன்னொன்று. டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. உழும்போது சட்டென்று திரும்புவதற்காக அவற்றைப் பிரித்து வைத்திருப்பார்கள். காட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் முன் அந்த இரண்டையும் பூட்டு போட்டு இணைத்துவிட வேண்டும். மறந்துபோய் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். பெட்டிக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் சரிவில் பாரம் பின்னாலிருந்து தள்ளும். கொக்கியில் போடும் பின்னைக் கிளிப் போட்டுப் பூட்டாமல் ஆணியோ கம்பியோ செருகி ஓட்டுவதை இனியாவது விட வேண்டும். பின் கழன்றாலும் பெட்டி தனியே உருளாதபடி ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போட்டுவிடுங்கள். பின்புறம் சிவப்பு விளக்கும் பிரதிபலிக்கும் பட்டையும் இல்லாமல் இரவில் சாலையோரம் நிறுத்திய பெட்டி, பைக்கில் வருபவருக்கு எமன். பதினெட்டு வயது நிரம்பாத மகன் கையில் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றவருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

பிரிட்டனில் காருக்குப் பின்னால் காரவன் என்ற வீட்டு வண்டியை மாட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் ஓடும்போது அதற்குள் ஒருவரும் உட்காரக் கூடாது. காரின் எண் காரவனின் பின்னால் இருந்தே ஆக வேண்டும். கட்டில் போட்ட வண்டிக்கே அப்படியென்றால், வெறும் இரும்புப் பெட்டியில் ஆள் ஏற்றுவதைப் பற்றி என்ன சொல்வது?

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் வரம்புக்கு உட்பட்டு இலவசம். டிராக்டர், பெட்டி இரண்டின் எண்களையும் படம் எடுங்கள். முதல் தகவல் அறிக்கையில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியிலேயே பார்க்கலாம்.

நஷ்டஈட்டு வழக்கை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். ஆறு மாதக் காலக்கெடு சட்டத்தில் இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஊரில் நாலு பேர் கூடிப் பேசி, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே வக்கீல் வைத்துத் தருவார்கள்.