கத்தரித் தோட்டத்துக் கருவண்டு

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் குழல்களாக நிற்கும் மகரந்தப்பைகளும் மற்றப் பூக்களைப்போல வெடித்துத் திறப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் பொடித் துளை இருக்கும், அவ்வளவுதான். மகரந்தம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பெட்டி வைத்து வளர்க்கிறோமே அடுக்குத்தேனீ, அதற்கு இந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது.

கருவண்டுக்குத் தெரியும். பெயர்தான் வண்டு, பிறப்பால் அது தேனீ இனம். பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமல், பறக்க உதவும் மார்புத் தசைகளை மட்டும் நொடிக்குச் சில நூறு முறை அதிரவைக்கும். காலையில் வரப்பில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். குலுக்கிய உப்புக் குப்பியிலிருந்து கொட்டுவதுபோல மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். அடுத்த பூவின் சூல்முடியில் ஒட்டும். காற்றின் அசைவிலும் கத்தரி ஓரளவு காய்க்கும்தான். அதிர்ந்த பூவில் காய் கூடுதலாகப் பிடிக்கும், திரட்சியாகவும் இருக்கும்.

ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில் தக்காளிப் பூக்களை ஆட்கள் மின்கருவியால் அதிரவைத்து வந்தார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து அதற்கென்றே பம்பிள் தேனீக்களைக் கூட்டோடு விலைக்கு வாங்குகிறார்கள். நமக்கோ அந்த வேலையாள் வேலியோரத்திலேயே குடியிருக்கிறது.

காய்ந்த முருங்கைக் கொம்பு, பட்ட மரம், பந்தல் மூங்கில் இவைதான் அதன் வீடு. தாய் வண்டு தாடையால் துளை குடைந்து, மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, மரத்தூளால் அறையை அடைக்கும். பிறகு அடுத்த அறை. ஒரு தாய் வளர்ப்பது சில குஞ்சுகளைத்தான். அதனால் ஒரு தாயை இழந்தாலும் இழப்பு பெரிது.

அதைத்தான் நாம் காலை மருந்தடிப்பில் கொல்கிறோம். காய்த்துளைப்பானுக்கு முதலில் வாடிய நுனிகளைக் கிள்ளி அழியுங்கள், இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். அடித்தே ஆகவேண்டுமானால் பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். கத்தரியில் தேன் இல்லாததால் வரப்பில் துவரையும் சணப்பும் நாலு வரிசை நிற்கட்டும்.

சுள்ளிக்காகக் காய்ந்த கொம்பை முறிக்கும் முன் சுண்டுவிரல் நுழையும் வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கொம்பை விட்டுவிடுங்கள்.